எழுத்து மாறினால் பொருளும் மாறும்: மாடல் எண்ணை எப்படிப் படிப்பது?

புதுக்கோட்டையைச் சேர்ந்த கட்டுமான ஊழியர் ஒருவர், சென்ற ஆண்டு விடுப்பில் ஊருக்குப் போகுமுன் தம் மகளுக்காக ஒரு திறன்பேசி வாங்கினார். மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தார். மூன்று மாதமாக மிச்சம்பிடித்த பணம். இரண்டு கடைகளில் விலை கேட்டார். அதே நிறுவனம், அதே பெயர், அதே கறுப்பு நிறம், அதே 256 ஜிபி. ஆனால், ஒரு கடையில் 90 வெள்ளி குறைவு. குறைந்த விலைக்குக் கிடைத்ததையே வாங்கினார்.

ஊருக்குப் போன நான்காவது மாதம் திறன்பேசியின் திரை இருண்டுவிட்டது. திருச்சியில் உள்ள பழுதுபார்ப்பு நிலையத்துக்கு மகள் அதை எடுத்துச் சென்றார். அங்கிருந்தவர் மாடல் எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்தார். இந்தியாவில் விற்கும் செட்டும் இல்லை, சிங்கப்பூரில் விற்கும் செட்டும் இல்லை, வேறொரு நாட்டுச் சந்தைக்காகத் தயாரிக்கப்பட்டது என்று கூறிவிட்டார். உத்தரவாதம் செல்லாது. திரையை மாற்ற ஆன செலவு, மிச்சமான 90 வெள்ளியைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம்.

தேக்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சந்தித்தபோது, பத்திரமாக மடித்து வைத்திருந்த ரசீதைக் காட்டினார். நிறுவனத்தின் பெயரும் ‘256 ஜிபி, கறுப்பு’ என்ற சொற்களும் விலையும் அதில் இருந்தன. மாடல் எண் இல்லை. கடையில் போய்க் கேட்டதற்கு, இது ‘எக்ஸ்போர்ட் செட்’ என்று அன்றே சொன்னோமே என்றார்களாம். சொன்னார்களா இல்லையா என்பதை இனி யார் நிரூபிப்பது?

பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் அந்த எண்ணைப் பலரும் படிப்பதில்லை. எழுத்தும் எண்ணும் கலந்த அந்த வரிசை கடைக்காரருக்கும் தொழிற்சாலைக்கும் உரியது என்று விட்டுவிடுகிறோம். உண்மையில், நாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதை அந்த வரிதான் சொல்கிறது.

*பெயர் விளம்பரத்துக்கு, எண் அடையாளத்துக்கு*

மின்னணுப் பொருள் ஒவ்வொன்றுக்கும் பொதுவாக மூன்று அடையாளங்கள் உண்டு. முதலாவது, விளம்பரங்களில் வரும் விற்பனைப் பெயர். உலகெங்கும் அது பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். இரண்டாவது, மாடல் எண். ஒரே பெயரில் வரும் பல வகைகளைப் பிரித்துக் காட்டுவது இதுதான். மூன்றாவது, வரிசை எண். நம் கையில் இருக்கும் அந்த ஒரு பெட்டிக்கு மட்டுமே உரிய எண் அது.

கடையில் நாம் கேட்பது பெயரை. பழுதுபார்ப்பவரும் உதிரிபாகம் விற்பவரும் கேட்பது மாடல் எண்ணை. இந்த இடைவெளியில்தான் குழப்பமும் பண இழப்பும் வருகின்றன.

ஒத்த தோற்றமுள்ள இரு பொருள்களின் எண்கள் சற்றே வேறுபடுவதற்குப் பெரும்பாலும் நான்கு காரணங்களில் ஒன்று இருக்கும். விற்கும் நாடு, வெளிவந்த ஆண்டு, உள்ளே இருக்கும் பாகம், விற்கும் கடை ஆகியவை அந்த நான்கு.

*நாடு மாறினால்*

சாம்சுங் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றின் எண்ணை எடுத்துக்கொள்வோம்: யூஏ55சியூ8000கேஎக்ஸ்எக்ஸ்எஸ். முதலில் வரும் ‘யூ’ எல்இடி வகையைக் குறிக்கிறது. அடுத்த ‘ஏ’ ஆசிய வட்டாரத்தைச் சுட்டும். வட அமெரிக்காவுக்கு உரியது என்றால் அந்த இடத்தில் ‘என்’ இருக்கும். 55 என்பது அங்குலத்தில் திரையின் அளவு. கடைசியில் இருக்கும் ‘கேஎக்ஸ்எக்ஸ்எஸ்’ சிங்கப்பூருக்கு உரியது. ஜோகூர் பாருவில் அதே பெட்டியைப் பார்த்தால் அந்த இடத்தில் ‘கேஎக்ஸ்எக்ஸ்எம்’ என்று இருக்கும். அது மலேசியாவுக்கு உரியது.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மூன்று முனை மின்செருகி ஒன்றுதான். இரு நாடுகளிலும் ‘டிவிபி-டி2’ என்ற மின்னிலக்க ஒளிபரப்பு முறையே பயன்படுகிறது. ஆக, ஜோகூரில் வாங்கிய பெட்டி இங்கும் வேலை செய்யக்கூடும். ஆனால், தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி போன்றவற்றுக்கான உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு நின்றுவிடுவதே வழக்கம். பெட்டி பழுதானால், அதை மீண்டும் கடற்பாலத்தைத் தாண்டித் தூக்கிச் செல்லவேண்டி வரலாம்.

தொலைதூர நாடுகளிலிருந்து வாங்கினால் சிக்கல் இன்னும் பெரிது. அமெரிக்காவின் ஒளிபரப்பு முறை ‘ஏடிஎஸ்சி’, ஜப்பானுடையது ‘ஐஎஸ்டிபி-டி’. சிங்கப்பூரில் பழைய அலைவரிசை ஒளிபரப்பு 2019ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முற்றாக நிறுத்தப்பட்டுவிட்டது. அதனால், அமெரிக்காவுக்காகத் தயாரான தொலைக்காட்சியை இங்கு கொண்டுவந்து வீட்டு அலைவாங்கியுடன் இணைத்தால் வசந்தம் ஒளிவழி தெரியாது. தனியாக ஒரு மின்னிலக்கப் பெட்டி வாங்கி இணைக்கவேண்டும்.

மின்னழுத்தம் அதைவிட ஆபத்தானது. ஜப்பானுக்குச் சுற்றுலா போகும் பலரும் அங்குள்ள சோறு வடிக்கும் மின்பாத்திரத்தைப் பார்த்து ஆசைப்படுவதுண்டு. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இங்கு 230 வோல்ட். சூடேற்றும் கம்பியில் மின்னழுத்தம் 2.3 மடங்கானால், அது இழுக்கும் மின்சக்தி ஐந்து மடங்குக்கு மேல் ஏறும். செருகிய சில நொடிகளில் பாத்திரம் கெட்டுப்போகலாம், தீப்பற்றவும் கூடும். ஜப்பானிய நிறுவனங்கள் வெளிநாட்டவருக்காக 220-230 வோல்ட் மாடல்களையும் தயாரிக்கின்றன. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மாடல் எண்ணும் அடிப்பகுதியில் ஒட்டியுள்ள மின்னழுத்தக் குறிப்பும்தான் வேறுபாட்டைக் காட்டும்.

சிங்கப்பூரில் சோறு வடிக்கும் பாத்திரம் உட்பட 33 வகை வீட்டு உபயோகப் பொருள்களுக்குப் பாதுகாப்பு முத்திரை கட்டாயம். அந்த முத்திரை மாடல் வாரியாகப் பதிவு செய்யப்படுகிறது. எனவே, ஒரு மாடலுக்குக் கிடைத்த பதிவு, அதைப்போலவே இருக்கும் இன்னொரு மாடலுக்குப் பொருந்தாது.

*‘லோக்கல் செட்’, ‘எக்ஸ்போர்ட் செட்’*

திறன்பேசிக் கடைகளில் காதில் விழும் இரண்டு சொற்கள் இவை. இந்நாட்டுச் சந்தைக்காக நிறுவனமே அனுப்பியது லோக்கல் செட். வேறொரு நாட்டுக்காகத் தயாரித்து, வணிகர்கள் வழியாக இங்கு வந்துசேர்ந்தது எக்ஸ்போர்ட் செட். இதை விற்பது சட்டவிரோதம் இல்லை. போலிப் பொருளும் இல்லை. விலை குறைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு: உள்ளூர் உத்தரவாதம் பெரும்பாலும் அந்த விலையில் சேர்ந்திருக்காது.

ஐஃபோன் 14 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெயர் ஒன்று, மாடல் எண்கள் பல. அமெரிக்காவில் விற்றது ஏ2649. சீனா, ஹாங்காங்கில் விற்றது ஏ2884. சிங்கப்பூர், இந்தியா உட்பட மேலும் பல நாடுகளில் விற்றது ஏ2882. அமெரிக்க மாடலில் சிம் அட்டை போடுவதற்கு இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். சீன மாடலில் இரண்டு சிம் அட்டைகளைப் போடலாம். நமக்கு உரியதில் ஒரு சிம் அட்டையும் இ-சிம்மும் உண்டு. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அமெரிக்க செட்டை வாங்கி அனுப்பினால், அவரது பழைய சிம் அட்டையை எங்கே செருகுவது என்ற கேள்வி வரும்.

ஐஃபோனில் இன்னொரு தகவலையும் பார்க்கலாம். ‘செட்டிங்ஸ்’, ‘ஜெனரல்’, ‘அபவுட்’ என்று வரிசையாகச் சென்றால் மாடல் எண் தெரியும். அதன் முதல் எழுத்து ‘எம்’ என்றால் புதிதாக விற்கப்பட்டது. ‘எஃப்’ என்றால் நிறுவனம் புதுப்பித்து விற்றது. ‘என்’ என்றால் பழுதான ஒன்றுக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்டது. இறுதியில் வரும் எழுத்துகள் நாட்டைக் காட்டும். ‘எல்எல்/ஏ’ அமெரிக்கா, ‘எச்என்/ஏ’ இந்தியா, ‘ஜே/ஏ’ ஜப்பான். அந்த வரியைத் தொட்டால் ‘ஏ’ என்று தொடங்கும் எண் வரும். பழைய திறன்பேசி வாங்குவோருக்கு இந்த ஒரு திரை போதும், விற்பவர் சொல்வது சரியா என்று தெரிந்துவிடும்.

*ஆண்டு மாறினால்*

மேலே சொன்ன சாம்சுங் எண்ணின் நடுவில் ‘சியூ8000’ என்று இருந்தது. அதில் ‘சி’ 2023ஆம் ஆண்டைக் குறிக்கும். ‘ஏயூ8000’ என்றிருந்தால் அது 2021ஆம் ஆண்டு மாடல். சோனி தொலைக்காட்சிகளின் எண்ணில் கடைசியாக வரும் எழுத்து இதே வேலையைச் செய்தது. ‘ஜே’ 2021, ‘கே’ 2022, ‘எல்’ 2023. எல்ஜி ஓஎல்இடி வரிசையில் ‘சி2’ 2022ஆம் ஆண்டுக்கும் ‘சி3’ 2023ஆம் ஆண்டுக்கும் உரியவை.

பழைய ஆண்டு மாடல் மோசமானது என்று பொருள் இல்லை. படத்தின் தரத்தில் வேறுபாடு குறைவாக இருக்கலாம், விலை நன்றாகக் குறைந்திருக்கலாம். தெரிந்தே வாங்கினால் அது இலாபம். தீபாவளி விற்பனையில் 40 விழுக்காட்டுக் கழிவு என்று எழுதியிருப்பது இரண்டு ஆண்டு பழைய மாடலுக்கு என்றால், அதை இந்த ஆண்டு மாடலின் விலையோடு ஒப்பிட்டு மகிழ்வதில்தான் ஏமாற்றம் இருக்கிறது. செயலிகளுக்கான மென்பொருள் ஆதரவும் பழைய மாடலுக்கே முதலில் முடியும்.

*உள்ளே இருப்பது மாறினால்*

நிண்டெண்டோ ஸ்விட்ச் விளையாட்டுக் கருவி 2017ல் வெளிவந்தது. அதன் மாடல் எண் எச்ஏசி-001. 2019ல் அதே பெயரில், ஏறக்குறைய அதே தோற்றத்தில் இன்னொன்று வந்தது. எண்ணின் பின்னால் ஒரு சிறிய ஒட்டு மட்டும் சேர்ந்தது: எச்ஏசி-001(-01). உள்ளே இருந்த சில்லு, குறைந்த மின்சக்தியில் இயங்கும் வகைக்கு மாற்றப்பட்டிருந்தது. முதல் மாடல் ஒருமுறை மின்னேற்றினால் இரண்டரை மணி முதல் ஆறரை மணி நேரம் வரை ஓடும் என்றும், இரண்டாவது மாடல் நாலரை மணி முதல் ஒன்பது மணி நேரம் வரை ஓடும் என்றும் நிறுவனமே அறிவித்தது. பிள்ளைகளுக்காக இன்று பழைய ஸ்விட்ச் ஒன்றை வாங்கினால், இருவரும் ஒரே விலை சொன்னாலும் ஒரே பொருளை விற்கவில்லை.

இன்னும் நுட்பமான மாற்றம் கணினித் துறையில் நடந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ‘ரெட்’ வகை வன்தட்டுகளை, படங்களையும் கோப்புகளையும் சேமித்துவைக்கும் வீட்டுச் சேமிப்பகங்களில் பலர் பயன்படுத்துகின்றனர். நான்கு டெராபைட் அளவுள்ள பழைய மாடலின் எண் டபிள்யூடி40இஎஃப்ஆர்எக்ஸ். புதியது டபிள்யூடி40இஎஃப்ஏஎக்ஸ். ‘ஆர்’ இருந்த இடத்தில் ‘ஏ’. அவ்வளவுதான்.

அந்த ஓரெழுத்துக்குப் பின்னால், தகவலை எழுதும் முறையே மாறியிருந்தது. புதிய மாடலில், கூரையில் ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று சற்றே படிந்திருப்பதுபோலத் தகவல் தடங்கள் நெருக்கி அடுக்கப்படுகின்றன. ஓர் ஓட்டை மாற்ற அடுத்தடுத்த ஓடுகளையும் கழற்றவேண்டியிருப்பதைப் போல, ஒரு தடத்தை மாற்றி எழுத அருகிலுள்ள தடங்களையும் மீண்டும் எழுதவேண்டும். பல வன்தட்டுகளை ஒன்றாகச் சேர்த்துப் பயன்படுத்துவோர், பழுதான ஒன்றை மாற்றும்போது இதனால் கடும் தாமதத்தைச் சந்தித்தனர். 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் இது வெளிச்சத்துக்கு வந்த பிறகே, எந்தெந்த மாடல்களில் இந்த முறை உள்ளது என்ற பட்டியலை நிறுவனம் வெளியிட்டது. பின்னர் பழைய முறையில் இயங்குபவற்றுக்கு ‘ரெட் பிளஸ்’ என்று தனிப் பெயரும் வைத்தது.

தமிழில் அரம் என்றால் ஒன்று, அறம் என்றால் வேறொன்று. மாடல் எண்ணிலும் அப்படித்தான்.

*கடை மாறினால்*

வேறெங்காவது இதைவிடக் குறைந்த விலையைக் காட்டினால் நாங்களும் அதே விலைக்குத் தருகிறோம் என்று சில கடைகள் அறிவிப்பதுண்டு. அதற்கு ஒரு நிபந்தனையும் இருக்கும்: மாடல் எண் அப்படியே ஒன்றாக இருக்கவேண்டும்.

பெரிய கடைத்தொகுதிகளுக்கு என்றே தயாரிப்பாளர்கள் தனி எண்ணுள்ள மாடல்களைச் செய்து கொடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். தாங்கியின் வடிவம், சட்டத்தின் நிறம், தொலையியக்கி போன்ற சிறு வேறுபாடுகளே சிலவற்றில் இருக்கும். இணைப்புத் துளைகள் குறைவாகவோ ஒலிபெருக்கி எளிய வகையாகவோ இருப்பதும் உண்டு. அமெரிக்காவில் நவம்பர் இறுதியில் நடக்கும் ‘பிளாக் ஃபிரைடே’ மலிவு விற்பனைக்கு என்றே இத்தகைய மாடல்கள் தயாராவது பயனீட்டாளர்கள் அறிந்த ஒன்று. எண் மாறிவிடுவதால் இரண்டு கடைகளின் விலையை ஒப்பிடுவதும் கடினமாகிறது, விலையைச் சமன்செய்யக் கேட்பதும் முடியாமல் போகிறது.

எனினும், எண் மாறிய எல்லா இடத்திலும் ஏமாற்று இருப்பதாக நினைக்கவேண்டியதில்லை. குளிர்பதனப் பெட்டியின் எண்ணில் கடைசி எழுத்து கதவின் நிறத்தை மட்டுமே குறிக்கலாம். சலவை இயந்திரத்திலும் அப்படியே. உறுதிப்படுத்திக்கொள்ள சிங்கப்பூரில் ஓர் எளிய வழி உண்டு. குளிர்பதனப் பெட்டிக்கும் குளிரூட்டிக்கும் 2008ஆம் ஆண்டு முதலும், தொலைக்காட்சிக்கு 2014ஆம் ஆண்டு முதலும் மின்சிக்கன முத்திரை கட்டாயமாக உள்ளது. அதில் மாடல் எண்ணும் மின்பயன்பாடும் ‘டிக்’ குறிகளும் இருக்கும். இரண்டு மாடல்களின் முத்திரைகளை அருகருகே வைத்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் இயந்திரம் ஒன்றா வேறா என்று ஓரளவு ஊகிக்கலாம். வீவக குடும்பங்களுக்கு 2024ல் வழங்கப்பட்ட 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டுகளை மின்சாதனங்களுக்குப் பயன்படுத்தவும், மாடலுக்குரிய டிக் குறிகளே அடிப்படையாக இருந்தன.

*எண் மாறாமலே மாறுவதும் உண்டு*

மாடல் எண்ணை மட்டும் நம்பியிருப்பதும் போதாது. குரூஷியல் நிறுவனத்தின் ‘பி2’ எனும் கணினிச் சேமிப்புக் கருவியில், 2021ஆம் ஆண்டில் உள்ளே இருந்த நினைவகச் சில்லு வேகம் குறைந்த வகைக்கு மாற்றப்பட்டது. பெயரும் எண்ணும் அப்படியே தொடர்ந்தன. முதலில் வந்த நல்ல விமர்சனங்களைப் படித்து வாங்கியவர்களுக்குக் கிடைத்தது வேறொன்று.

இத்தகைய நேரத்தில்தான் வரிசை எண் உதவுகிறது. 2019ஆம் ஆண்டு ஜூனில் 15 அங்குல மேக்புக் புரோ மடிக்கணினிகள் சிலவற்றை, மின்கலன் அளவுக்கு மீறிச் சூடாகித் தீப்பற்றும் அபாயம் இருந்ததால் ஆப்பிள் திரும்பப் பெற்றது. 2015 செப்டம்பருக்கும் 2017 பிப்ரவரிக்கும் இடையே பெரும்பாலும் விற்கப்பட்டவை அவை. அவற்றின் மாடல் எண்ணான ஏ1398, 2012ஆம் ஆண்டிலிருந்தே பயன்பாட்டில் இருந்தது. ஆகவே, வரிசை எண்ணைக் கொடுத்துத்தான் தங்கள் கணினி ஆபத்தானதா என்று உரிமையாளர்கள் தெரிந்துகொள்ள முடிந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் உட்படப் பல விமான நிறுவனங்கள் அக்கணினிகளை விமானத்தில் கொண்டுவரவேண்டாம் என்று பயணிகளைக் கேட்டுக்கொண்டன.

*பணம் கொடுக்குமுன்*

செய்யவேண்டியவை அதிகமில்லை. விலை விசாரிக்கும்போதே முழு மாடல் எண்ணையும் கேட்டு, கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளலாம். கடைசி எழுத்துவரை எடுக்கவேண்டும், வேறுபாடு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அந்த எண்ணை நிறுவனத்தின் சிங்கப்பூர் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். அங்கு அது இல்லையென்றால் வெளிநாட்டுச் செட்டாகவோ பழைய மாடலாகவோ கடைக்கென்று செய்ததாகவோ இருக்கலாம். எது என்று கடைக்காரரிடம் நேரடியாகக் கேட்கலாம். எந்த நாட்டில், யார் உத்தரவாதம் தருகிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளவேண்டும். நிறுவனத்தின் உத்தரவாதம் வேறு, கடை தரும் உத்தரவாதம் வேறு.

எல்லாவற்றையும்விட முக்கியம், முழு மாடல் எண்ணை ரசீதில் எழுதி வாங்குவது. இணையம்வழி வாங்கினால், விற்பனைப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம்.

சட்டமும் இங்கு துணைநிற்கிறது. ‘லெமன் சட்டம்’ என்று அழைக்கப்படும் பாதுகாப்பு, சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி நடப்புக்கு வந்தது. விற்கும்போது சொன்ன விவரத்துடன் பொருந்தாத பொருளுக்கும் அது பொருந்தும். பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அக்குறை தொடக்கத்திலேயே இருந்ததாக எடுத்துக்கொள்ளப்படும். அப்படி இல்லை என்று நிரூபிக்கவேண்டியவர் விற்பவரே. கடையுடன் பேசித் தீராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, வழக்கறிஞர் இல்லாமல் தாமே முன்வைக்கலாம்.

ஆனால், என்ன பொருள் விற்கப்பட்டது என்பதைக் காட்ட ஓர் ஆதாரம் வேண்டும். ரசீதில் ‘256 ஜிபி, கறுப்பு’ என்று மட்டும் இருந்தால், உலகில் உள்ள எந்தச் செட்டுக்கும் அது பொருந்தும். புதுக்கோட்டை ஊழியர் தோற்றது அங்கேதான்.

அவர் அண்மையில் மகனுக்காக ஒரு கைக்கணினி வாங்கப் போனார். பெட்டியின் ஓரத்தைப் படமெடுத்துக்கொண்டு, அந்த எண்ணை ரசீதில் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார். முதல் கடையில் அதெல்லாம் தேவையில்லை என்றார்களாம். அவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனார். அங்கு 40 வெள்ளி அதிகம். எண்ணைக் கடைசி எழுத்துவரை எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார்கள். அந்த ரசீதையும் பழைய ரசீதையும் அவர் இப்போது ஒன்றாகவே மடித்து வைத்திருக்கிறார்.